குறட்டைக்கு மெசின் வாங்கும் முன் இதை வாசியுங்கள்

வெள்ளவத்தை, தெஹிவளை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். 'குறட்டையா? இலவசப் பரிசோதனை' என்று ஒரு துண்டுப் பிரசுரம் கையில் கிடைத்தால், அங்கே போவதற்கு முன் எங்களுக்கு நடந்ததை வாசித்துவிட்டுப் போங்கள். நாங்கள் 385,000 ரூபா கொடுத்து ஏமாந்தோம். காசு போனது ஒரு பக்கம். ஏறத்தாழ மூன்று மாதம் வீணாகப் போனதும், அந்த நாட்களில் என் கணவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வான் ஓடியதும்தான் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அவருக்கு 51 வயது. பதினான்கு வருடமாக ஸ்கூல் வான் ஓடுகிறார். குறட்டை கலியாணம் முடித்த நாளிலிருந்தே உண்டு. அதை நான் ஒரு வருத்தமாக நினைத்ததேயில்லை. கடந்த இரண்டு வருடத்தில்தான் மாறியது. குறட்டை உச்சத்துக்குப் போகும், சட்டென்று நிற்கும். அறை அமைதியாகிவிடும். நெஞ்சு மட்டும் எழும்ப முயன்றுகொண்டிருக்கும், மூக்காலும் வாயாலும் காற்று வராது. ஒருநாள் இருட்டில் போனை எடுத்து எண்ணினேன். 38 செக்கன். பிறகு தண்ணீருக்குள் மூழ்கி எழும்பியவர்போல ஒரு பெரிய இழுப்பு, உடம்பு முழுதும் குலுங்கும், திரும்பவும் குறட்டை. அவருக்கு இது ஒன்றும் தெரியாது. காலையில் தலையிடி, வாய் வறட்சி, இரவில் மூன்று தரம் சலத்துக்கு எழும்புவது, இவை மட்டும்தான் அவருக்குத் தெரிந்தவை.

பகலில் எங்கே இருந்தாலும் கண் சொருகும். போன வருடம் ஜனவரியில் காலி வீதிச் சிக்னலில் வானை நிறுத்தியவர் அப்படியே அசந்துவிட்டார். பின் சீட்டிலிருந்து ஒரு பிள்ளை "அங்கிள், பச்சை விழுந்திட்டுது!" என்று கத்தின பிறகுதான் கண் திறந்தாராம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து வான் சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்குப் பயமா இருக்கு."

அதற்கு முன் நாங்கள் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். இரவில் நித்திரை குழம்புகிறது, அதனால்தான் பகலில் அசதி என்று நினைத்தோம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று ஒரு பாமசியில் தூக்க மாத்திரை வாங்கினோம். டொக்டரின் துண்டு கேட்கவேயில்லை, ஒரு அட்டையை வெட்டித் தந்தார்கள். நாலைந்து நாள் போட்டார். அந்த நாட்களில் மூச்சு நிற்கும் நேரம் கூடியதே தவிரக் குறையவில்லை. பின்னர் வைத்தியசாலையில் கேட்டபோது டொக்டர் தலையில் கை வைத்தார். அந்த வகை மாத்திரைகள் தொண்டைத் தசையைத் தளர்த்தும்; மூச்சு முட்டும்போது எழுப்பிவிட வேண்டிய மூளையையும் மந்தமாக்கும். மூச்சு நிற்கிறவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது. யாராவது வீட்டில் குறட்டையோடு அந்த மாத்திரை போடுகிறார் என்றால் தயவுசெய்து டொக்டரிடம் சொல்லுங்கள். நீண்ட நாள் போட்டவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கடைத் தொகுதியின் இரண்டாம் மாடி. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவரில் தொண்டையை நெடுக்காக வெட்டிக் காட்டும் பெரிய படம். வெள்ளைக் கோட் போட்ட ஒரு தம்பி நல்ல தமிழில் கதைத்தார். கொழும்பில் டொக்டரிடம் போனால் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் திணறுகிறவர்களுக்கு, தமிழில் ஒருவர் இருந்து விளங்கப்படுத்தினால் மனம் எவ்வளவு இளகும் என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் அப்படித்தான். அந்தத் தம்பி 'அக்கா, அண்ணை' என்று கூப்பிட்டார், பிளேன் டீ கொடுத்தார். டொக்டரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

விரலில் மாட்டும் ஒரு ஒட்சிசன் கருவியைத் தந்தார். ஒரு இரவு போட்டுவிட்டுக் கொண்டுவரச் சொன்னார். பரிசோதனை இலவசம், ரிப்போர்ட்டுக்கு மட்டும் 6,500 ரூபா. மறுநாள் பின்னேரமே ரிப்போர்ட் தயார். நாலு பக்கம், எல்லாம் ஆங்கிலம், நிறம் நிறமாக வரைபடம். ஏ.எச்.ஐ., அதாவது மணித்தியாலத்துக்கு மூச்சு தடைப்படும் கணக்கு, 58; மிகக் கடுமையான ஸ்லீப் அப்னியா (நித்திரையில் மூச்சு நிற்கும் நோய்) என்று சிவப்பில் வட்டம் போட்டிருந்தது. கீழே 'நித்திரை நிபுணர்' என்று ஒரு கையெழுத்து. பெயர் வாசிக்க முடியவில்லை, பதிவு இலக்கம் இல்லை.

"நித்திரையிலேயே ஹார்ட் நின்றால் யார் பொறுப்பு, அக்கா?" என்று அந்தத் தம்பி கேட்டார். அந்த ஒரு கேள்விதான் எங்களை விழுத்தியது. நான் இரவிரவாக எண்ணிக்கொண்டிருந்த செக்கன்கள் எல்லாம் நெஞ்சுக்குள் வந்து நின்றன. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை அடைக்காமல் வைத்திருக்கும் சிபாப் மெசின் ஒன்று மட்டும் இருப்பில் இருக்கிறது, அடுத்தது வந்தால் விலை ஏறும், இன்றைக்கே முற்பணம் கட்டினால் 40,000 குறைப்பார்கள் என்றார். 2022இல் டொலர் ஏறியதற்குப் பிறகு இந்தச் சாமான்களின் விலை எப்படிப் போனது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அதையும் நம்பினோம். என் காப்பு இரண்டையும் அடகு வைத்தேன். மிச்சத்துக்குச் சீட்டுக் காசு.

மெசின் வந்தது. பெட்டி புதிது, பிளாஸ்டிக் ஒட்டும் புதிது. மெசினைத் திருப்பினால் அடியில் ஸ்டிக்கர் ஒன்றைச் சுரண்டி எடுத்த பசை. ஓட விட்டால் பழைய அலுமாரி திறந்ததுபோல ஒரு மணம். கேட்டேன். "புது பிளாஸ்டிக் மணம் அக்கா, இரண்டு நாளில் போய்விடும்" என்றார்.

அவருக்கு மூக்கடைப்பு எப்போதும் உண்டு. ஆனால் தந்தது மூக்குக்கு மட்டும் வைக்கும் மாஸ்க். அழுத்தத்தை 14 என்று வைத்துப் பூட்டிவிட்டிருந்தார்கள். படுத்தவுடன் காற்று பெருக்காக வந்து வாயால் வெளியேறும், வயிறு பலூன் மாதிரி ஊதிவிடும், மாஸ்க்கின் ஓரத்தால் கண்ணுக்குள் காற்று அடிக்கும். மூக்குத் தண்டில் தோல் உரிந்து புண். ஒரு மணித்தியாலம் தாண்டினால் அதிசயம். போன் பண்ணினால் "பழகும் அக்கா, எல்லாருக்கும் முதல் மாதம் இப்படித்தான்." மூன்றாம் கிழமை மாஸ்க்கை மாற்றக் கேட்டோம், 32,000 என்றார்கள். அதன் பிறகு எங்கள் அழைப்பை எடுக்கவேயில்லை. அவர் மெசினைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "எனக்கு இது சரிவராது" என்று திரும்பிப் படுத்துவிட்டார். வைத்தியமே தனக்குச் சரிவராது என்று அவர் நம்பிவிட்டார். அவர்கள் செய்த பெரிய கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், பிள்ளைகளை எடுக்கப் போகும் வழியில், வானை ஒரு மதிலில் உரசிவிட்டார். வானில் யாரும் இல்லை. யாருக்கும் காயமில்லை. ஆனால் எப்படி உரசியது என்று அவருக்கு நினைவில்லை. அன்றோடு வான் ஓடுவதை நிறுத்தினார். என் தம்பி இரண்டு மாதம் லீவு போட்டும் மாறி மாறியும் ஓடித் தந்தான்.

எங்கள் குடும்ப டொக்டர் ஒரு கடிதம் தந்தார். அதோடு அரசாங்க வைத்தியசாலையின் சுவாசநோய் கிளினிக்குக்குப் போனோம். காலை ஆறரைக்கே வரிசை. ஆனால் உள்ளே போன பிறகுதான் பார்த்தேன், ஒரு நோயாளியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று. டொக்டர் முதலில் என்னைத்தான் கேட்டார், பக்கத்தில் படுப்பவள் நான் என்பதால். சிங்களத்தில் கேட்டார், நான் இவருக்குத் தமிழில் சொன்னேன். வாசிக்கும்போது, டீவி பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கும்போது அசந்துபோவீர்களா என்று எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. அது எப்வர்த் அளவு. மெல்பேர்னில் ஒரு டொக்டர் 1991இல் வெளியிட்டதாம், இன்றும் உலகமெங்கும் அதைத்தான் கேட்கிறார்கள். 10க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். இவருக்கு 17. கழுத்தை நாடா வைத்து அளந்தார்கள், 43 சென்ரிமீற்றர். பிரஷர் 160க்கு மேல். தொண்டையைப் பார்த்தார், மூக்கைப் பார்க்க இ.என்.டி. டொக்டரிடம் அனுப்பினார், சீனி, தைரொய்ட் இரண்டுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். அந்த இரண்டாம் மாடிக் கடையில் பிரஷர்கூடப் பார்க்கவில்லை.

பழைய ரிப்போர்ட்டை நீட்டினேன். டொக்டர் முதல் பக்கத்திலேயே நின்றார். "இதில் மூச்சுக் காற்றை எதனால் அளந்தார்கள்?" என்று கேட்டார். விரலில் போட்ட கருவியைச் சொன்னேன். அந்த மாதிரிச் சாதாரண ஒட்சிசன் கருவி, இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை தரம் இறங்குகிறது என்று மட்டும் சொல்லும். சந்தேகம் எழுப்ப அது போதும். மூச்சு எத்தனை தரம் நின்றது என்று எண்ணி ஏ.எச்.ஐ. எழுத அது போதாது என்றார்.

அன்று இரவு நான் அந்த நாலு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். பதிவு தொடங்கியது இரவு 10.32, முடிந்தது காலை 6.14 என்று இருந்தது. எங்கள் வான் காலை 5.50க்கு வீட்டை விட்டுப் புறப்படும். இவர் 4.30க்கு எழும்புபவர். அன்றைக்கு 4.30க்கு அந்தக் கருவியைக் கழற்றி, தந்த பையிலேயே போட்டு, சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தது நான். 6.14க்கு அவர் முதல் நிறுத்தத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டில் அந்த நேரம் அவர் மல்லாந்து படுத்து நித்திரை, மூச்சு 22 செக்கன் நின்றது என்று கோடு வரைந்திருந்தது. அது வேறு யாரோ ஒருவருடைய இரவு. பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

அடுத்த கிளினிக் நாளில் மெசினையும் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த டெக்னீசியன் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்திப் பிடித்து, நாங்கள் ஒருபோதும் பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தார். ஓடிய மணித்தியாலம்: 9,412. நாங்கள் ஓட்டியது மொத்தமாக ஒரு இருபது மணித்தியாலம் இருக்கும். ஒரு இரவுக்கு ஏழு மணித்தியாலம் என்று பார்த்தால், மூன்றரை வருடத்துக்கு மேல் இன்னொருவர் மூச்சுவிட்ட மெசின். பின் பக்கத்து ஃபில்டரை வெளியே இழுத்துக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டியது, தேயிலைத் தூள் நிறத்தில் இருந்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். மிஸ் ஒருவர் கதிரை தந்து இருத்தினார்.

உண்மையான ஸ்லீப் ஸ்டடி ஜூலையில்தான் கிடைத்தது. காத்திருக்க முடியாதவர்களுக்குக் கொழும்பில் தனியார் வைத்தியசாலைகளிலும் செய்கிறார்கள், டொக்டரைச் சனல் பண்ணிக் கேட்கலாம். எப்படி இருக்கும் என்று தெரிந்தால் யாரும் உங்களை ஏய்க்க முடியாது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இரவு வைத்தியசாலையிலேயே படுக்க வேண்டும். தலையில் பசை போட்டு வயர் ஒட்டுவார்கள், மூளை எந்த நித்திரையில் இருக்கிறது என்று பார்க்க. கண் ஓரத்தில், தாடையில், காலில், நெஞ்சிலும் வயர். மூக்குத் துவாரத்தில் ஒரு சின்னக் குழாய், அதுதான் காற்றை அளப்பது. நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி இரண்டு பட்டி. விரலில் ஒட்சிசன் கருவி. இந்தப் பட்டி எதற்கு என்று நான் கேட்டேன். நெஞ்சு அசைகிறது, காற்று வரவில்லை என்றால் தொண்டை அடைத்திருக்கிறது. நெஞ்சே அசையவில்லை என்றால் மூளையிலிருந்து கட்டளை வரவில்லை. இரண்டும் வேறு வேறு வருத்தம், வைத்தியமும் வேறு. விரல் கருவி மட்டும் வைத்து இதைப் பிரிக்க முடியாது. வீட்டுக்குத் தந்துவிடும் சின்னப் பரிசோதனைகளும் உண்டு, அவையும் சரியானவைதான். ஆனால் அவற்றிலும் மூக்குக் குழாயும் பட்டியும் இருக்கும், அல்லது அதற்கென்றே செய்த கருவியாக இருக்கும். எப்படியும் கடைசியில் ஒரு டொக்டர் அதை வாசித்துத் தன் பெயரில் கையெழுத்திட வேண்டும்.

ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணித்தியாலத்தில் மூச்சு நின்றதும் குறைந்ததும் சேர்த்து எத்தனை தரம் என்பது. 10 செக்கனாவது நீடித்தால்தான் கணக்கில் வரும். 5க்குக் கீழ் இருந்தால் பயமில்லை, 15 வரை இலேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இவருக்கு 34. ஒட்சிசன் 72 வீதம் வரை இறங்கியிருந்தது. ஆக, இவருக்கு வருத்தம் இருந்தது உண்மைதான், மெசின் வேண்டியதும் உண்மைதான். அந்தக் கடைக்காரர்கள் குருட்டுவாக்கில் சொன்னது சரியாக விழுந்தது. ஆனால் இலேசாக இருக்கும் எத்தனை பேருக்கு, உடம்பைக் குறைத்து, சரிந்து படுத்து, மூக்கைக் கவனித்து, அல்லது பல்லில் மாட்டும் ஒரு கருவியோடு சமாளிக்கக்கூடியவர்களுக்கு, இதே 58ஐ எழுதிக் கொடுத்து மெசின் விற்றிருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

அழுத்தமும் அப்படித்தான். மெசின் 4 முதல் 20 வரை கொடுக்கும். ஆளுக்கு ஆள் மாறும். ஒரு இரவு படுக்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்துத்தான், அல்லது தானாகக் கூட்டிக் குறைக்கும் மெசினைச் சில கிழமை போட்டு அதன் பதிவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இவருக்கு 9 போதும். முகத்தை அளந்து மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் தந்தார்கள். ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்த பிறகே விலைக்கு வாங்கினோம், அதற்குக் கனடாவில் இருக்கும் என் மச்சான் காசு அனுப்பினார். சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் தூசு உறிஞ்சும் மெசினின் மோட்டரை மாற்றிப் பூட்டித்தான் இதை முதலில் செய்தாராம், 1981இல் அதை வெளியிட்டார். மோட்டர் கதை என்பதால் இவர் அதைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் மாஸ்க்கைக் கையில் எடுத்தார்.

பழைய மெசின் வாங்குவதே பிழை என்று நான் சொல்லவில்லை, காசில்லாதவர்கள் என்ன செய்வது? பழையது என்று சொல்லி விற்க வேண்டும். ஓடிய மணித்தியாலத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், தொடர் இலக்கத்தை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், அந்த வருடம் ஏப்ரல் 26க்கு முன் செய்த பல வகை மெசின்களைத் திரும்ப அழைத்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த ஃபோம் சிதைந்து காற்றுக் குழாய்க்குள் வரலாம் என்பதால். எங்கள் மெசின் அந்த வகையில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து பழையதாக வருபவற்றில் எது வரும் என்று யாருக்குத் தெரியும், தொடர் இலக்கம் இருந்தால்தான் சரி பார்க்கலாம்.

இலங்கையில் மருத்துவ உபகரணம் விற்க, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். இதை நான் முதலே அறிந்திருந்தால் அந்த ஒரு காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்டிருப்பேன். டொக்டர் என்று சொல்பவரின் மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தைக் கேட்பதும் மரியாதைக் குறைவு இல்லை. உண்மையான டொக்டர்களின் முத்திரையிலேயே அது இருக்கும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்தேன். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு தர வேண்டும் என்றார்கள். எங்களுக்கு ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது. வொக்ஸோல் வீதி அலுவலகத்துக்கு நேரே போய்க் கொடுத்தேன். ரசீதைப் பார்த்த அதிகாரி பெருமூச்சு விட்டார். அதில் 'உபகரணம் 1' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எந்த வகை, எந்த இலக்கம், புதியதா பழையதா, ஒன்றும் இல்லை. இருந்தாலும் முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். ஔடத அதிகார சபைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். விசாரணை இரண்டு தரம் தள்ளிப்போயிருக்கிறது.

போன கிழமை புதிய இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. குரலைக் கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது, அதே தம்பி. மெசினைத் திரும்ப எடுக்கிறோம், 90,000 தருகிறோம், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள் அக்கா என்றார். எடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. இவர் பக்கத்தில் இருந்து, "கொடுத்துவிடும், காப்பு ஒன்றையாவது மீட்கலாம்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடகு வட்டி மாதாமாதம் ஏறுகிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குப் புது ஒட்டுப் போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் முடியாது என்று சொல்லிவிட்டேன். 9,412 என்று காட்டும் திரையைப் படம் எடுத்து, தொடர் இலக்கத்தோடு முறைப்பாட்டில் சேர்த்திருக்கிறேன். மெசின் இப்போது எங்கள் அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது, விசாரணைக்குக் கூப்பிடும் நாளில் அதைத் தூக்கிக்கொண்டு போவேன். பிப்ரவரி, மார்ச்சில் வெள்ளவத்தைப் பக்கம் இதே மாதிரி ரசீதோடு மெசின் வாங்கியவர்கள் இருந்தால், உங்கள் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பதிவு முடிந்த நேரம் 6.14 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.